அது பேக்கப் இல்லீங்க, ஒட்டிப் பிறந்த ரெட்டை!

சொன்னா சண்டைக்கு வருவீங்க. பரவால்ல, சொல்லிடறேன். வீட்டு பிராட்பேண்ட் எந்தக் கம்பெனியோ, அதே கம்பெனி சிம்மை 'பேக்கப்'னு வாங்கி வெச்சிருக்கற புண்ணியவான்கள் எல்லாம் கையத் தூக்குங்க பார்ப்போம். வெக்கப்படாதீங்க, போன வருஷம் வரைக்கும் நானும் அந்த கோஷ்டிதான். ஒரே பில்லு, ஒரே ஆப்பு, மாசம் கொஞ்சம் மிச்சம். அந்த மிச்சம் என்ன வேலை பண்ணுச்சுன்னு கேளுங்க.

அக்கா பொண்ணுக்கு ஆன்லைன்ல இண்டர்வியூ, கடைசி ரவுண்டு. அவங்க வீட்டுல நெட் சுமார்ங்கறதால மேடவாக்கத்துல இருக்கற எங்க வீட்டுக்கு வந்தா. "ஃபைபர் போனாலும் பேக்கப் இருக்கு, கவலைப்படாதே"ன்னு பந்தா விட்டது நான்தான். பத்தரைக்கு இண்டர்வியூ. பத்தேகாலுக்கு மெயின் ரோட்டுல மழைநீர் வடிகால் தோண்டிட்டிருந்த ஜேசிபி போட்டுச்சு ஒரு கொத்து. ஃபைபர் காலி. சிம்மைப் போட்டா ரெண்டு கட்டை சிக்னல் நிக்குது, ஒரு பக்கம் கூட திறக்க மாட்டேங்குது. புள்ள பக்கத்து வீட்டுக்கு ஓடி, ஆன்ட்டிகிட்ட போன் வாங்கி, உள்ள நுழையறதுக்குள்ள இருபத்தஞ்சு நிமிஷம் போயிடுச்சு. வேலை கிடைக்கல. "பரவால்ல மாமா"ன்னுதான் சொன்னா. திட்டியிருந்தா கூட தேவலை.

சாயங்காலம் கேபிள் ஒட்ட வந்த தம்பிதான் கண்ணத் திறந்தார். "சார், உங்க தெரு டவருக்கும் இதே ரூட்டுலதான் ஃபைபர் போகுது. ரெண்டும் சேர்ந்துதான் படுத்துச்சு. உங்க போன் எங்கயோ தூரத்து டவரைப் புடிச்சிருக்கும், ஊரே அதுலதான் தொங்கிட்டிருந்திருக்கும்."

மேட்டர் இவ்வளவுதான் மக்களே. மொபைல் நெட்டுன்னா காத்துலயே வந்து காத்துலயே போறதில்லை. போன்லேர்ந்து டவர் வரைக்கும்தான் காத்து. அதுக்கப்புறம் பெரும்பாலும் கேபிள்தான். ஆக, பேக்கப் வாங்கும்போது கேக்க வேண்டிய மொத கேள்வி "ஸ்பீடு எவ்ளோ?" இல்லை. "மெயின் லைன் எதனால சாகுமோ, அதனால இதுவும் சாகுமா?" இதுதான் கேள்வி. வேற கம்பெனி சிம் வாங்கினா மட்டும் நூறு சதம் தப்பிச்சிடுவோமான்னா, இல்லை. ரெண்டு கம்பெனி கேபிளும் ஒரே பள்ளத்துல கிடக்கலாம். ஆனா ஒரே கம்பெனின்னா தெரிஞ்சே போய் மாட்டிக்கறோம். உள்ளூர் கேபிள்காரர்கிட்ட நெட் வாங்கினவங்க, அவர் யார்கிட்டேர்ந்து லைன் எடுக்கறார்னு கேட்டுக்குங்க. ஏர்ஃபைபர் வெச்சிருக்கவங்களுக்கு வீட்டு நெட்டே டவர்லேர்ந்துதான் வருது. அதே கம்பெனி சிம் அவங்களுக்கு சுத்தமா வேஸ்ட்.

ரெண்டாவது, கரண்ட். நம்ம வீட்டுல பாதி 'நெட் போச்சு'ங்கறது ரவுட்டருக்குக் கரண்ட் போச்சுங்கறதுதான். இதுக்கு சிம்மே வேண்டாம். ரவுட்டர் அடாப்டர்ல என்ன வோல்ட், என்ன ஆம்ப்னு பார்த்து (பெரும்பாலும் 12 வோல்ட்) ஒரு குட்டி யூபிஎஸ் வாங்கினா மேட்டர் ஓவர். டவருக்கும் பேட்டரி சில மணி நேரம்தான், அப்புறம் டீசல். 2023 டிசம்பர்ல மிக்ஜாம் வந்தப்போ வேளச்சேரி, பள்ளிக்கரணை பக்கம் என்ன ஆச்சு? தண்ணி நின்னுச்சு, கரண்ட் இல்லை, போனும் செத்துச்சு. அந்த மாதிரி நாளுக்கு எந்த சிம்மும் கேரண்டி கிடையாது. விக்கறவன் சொன்னா நம்பாதீங்க.

மூணாவது, பிளான். தினம் 1.5 ஜிபி பிளான் பேக்கப்புக்கு ஆகாது. வீடியோ மீட்டிங் ஒரு மணி நேரத்துக்கு சுமாரா ஒரு ஜிபி முழுங்கும். ரெண்டாவது மீட்டிங்ல ஆமை வேகம்தான். தினக் கணக்கு இல்லாம மொத்தமா டேட்டா தர்றதை எடுங்க. அப்புறம், வாங்கி டிராயர்ல போட்டு மறந்துடாதீங்க. 90 நாள் உபயோகமே இல்லாத சிம்மை கம்பெனி முடக்கலாம்னு 2013-லேர்ந்தே டிராய் விதி இருக்கு.

"போன் ஹாட்ஸ்பாட் இருக்கே, இதுக்கு எதுக்கு இவ்ளோ பில்டப்பு?"ன்னு ஒருத்தர் வருவார். வாங்க அண்ணாச்சி. போன்ல ரெண்டாவது சிம்மா வேற கம்பெனி இருந்தா ஹாட்ஸ்பாட் தாராளமா போதும், டாங்கிள் தண்டச்செலவுதான். ஆனா நீங்க கடைக்குப் போனா பேக்கப்பும் உங்க பாக்கெட்லயே கடைக்குப் போயிடும். வீட்டுல இருக்கறவங்க? பழைய 4ஜி போன் ஒண்ணு சும்மா கிடக்குமே, அதுல போட்டு வீட்டோட வைங்க.

கடைசியா ஒண்ணே ஒண்ணு. வாங்கறதுக்கு முன்னாடி அந்தக் கம்பெனி சிம் வெச்சிருக்கற யாரையாவது வீட்டுக்குக் கூப்பிட்டு, நீங்க உக்காந்து வேலை பார்க்கற அதே ரூம்ல வீடியோ கால் போட்டுப் பாருங்க. மொட்டை மாடி சிக்னல் சோறு போடாது. வாங்கின பிறகு மாசம் ஒரு நாள் ரவுட்டரை அணைச்சுட்டு அரை மணி நேரம் அதுலயே ஓட்டுங்க. நான் அந்த அரை மணி நேரத்தைச் செலவு பண்ணல. அதுக்கு வட்டி கட்டினது அக்கா பொண்ணு.

டிஸ்கி: அவளுக்கு நாலு மாசம் கழிச்சு வேற வேலை கிடைச்சுடுச்சு. அந்த இண்டர்வியூவுக்கு எங்க வீட்டுக்கு வரல :-(