குட்டியை ஏந்தும் கைகளும் குறிப்பெடுக்கும் கைகளும்

தென்னாப்பிரிக்காவில் சிங்கக்குட்டிகளுக்குப் புட்டிப்பால் ஊட்டும் 'தன்னார்வப் பணி' ஒன்றில் சேர விரும்புவதாகச் சொல்லி, மாணவி ஒருவர் அண்மையில் என்னிடம் பரிந்துரைக் கடிதம் கேட்டார். கட்டணத்தை அவரே செலுத்த வேண்டுமாம். விளம்பரத்தில் குட்டிகளை மார்போடு அணைத்தபடி இளைஞர்கள். கடிதம் தர மறுத்துவிட்டேன். மறுத்ததற்கான காரணத்தை இங்கே எழுதிவைக்கத் தோன்றுகிறது.

இத்தகைய பண்ணைகளில் 'அநாதைகள்' எனக் காட்டப்படும் குட்டிகள் பெரும்பாலும் அநாதைகள் அல்ல. அங்கேயே ஈன்றெடுக்கப்பட்டு, கண் திறந்த சில நாட்களில் தாயிடமிருந்து பிரிக்கப்பட்டவை. மனிதக் கைக்குப் பழகிய சிங்கத்தைக் காட்டில் விட இயலாது. வளர்ந்தபின் அவற்றுள் பலவும் வேலிக்குள் நிறுத்திச் சுடும் வேட்டைக்கு விற்கப்பட்டதை 2015இல் வெளியான 'பிளட் லயன்ஸ்' ஆவணப்படம் உலகறியச் செய்தது. அன்பின் பேரால் நாம் கட்டும் பணம் அந்த வணிகத்துக்கே முதலாகிறது.

அப்படியானால் மாணவர்கள் ஆப்பிரிக்கக் காடுகளுக்குச் செல்லவே கூடாதா? அது என் கட்சியன்று. 1960 ஜூலையில் ஜேன் குடால் தான்சானியாவின் கோம்பேயில் வந்திறங்கியபோது அவரிடம் கல்லூரிப் பட்டம் இல்லை. பைனாகுலரும் குறிப்பேடும் பொறுமையுமே இருந்தன. புல்தண்டைப் புற்றினுள் விட்டுச் சிம்பன்சி கறையான் பிடிப்பதை அவ்வாண்டே அவர் கண்டார். பின்னர் ஸ்டான்போர்டு பல்கலைக்கழக மாணவர்களும் அங்கே பயின்றனர்.

1975 மே மாதத்தில் ஆயுதம் தாங்கியோர் தங்கனீக்கா ஏரியைக் கடந்துவந்து நால்வரைக் கடத்திச் சென்றனர். நால்வரும் பிற்பாடு விடுவிக்கப்பட்டனர். ஆனால் வெளிநாட்டு மாணவர்கள் கோம்பேயை விட்டு வெளியேற நேர்ந்தது. ஆய்வு மட்டும் நிற்கவில்லை. ஹிலாலி மாத்தாமா முதலிய தான்சானியக் களப்பணியாளர்கள் நாள்தோறும் சிம்பன்சிகளைப் பின்தொடர்ந்து, சுவாஹிலி மொழியில் குறிப்பெடுத்தனர். அரைநூற்றாண்டைத் தாண்டிய அந்த ஆவணத் தொடர்ச்சி அறுபடாமல் இருப்பதற்கு அவர்களே காரணர். 2025 அக்டோபரில் குடால் மறைந்தபோது உலகம் முழுதும் அவர் பெயரைச் சொன்னது, முறையே. ஹிலாலியின் பெயரை நம்மில் எத்தனைபேர் கேட்டிருக்கிறோம்?

இரண்டு வாரம் சென்றுவரும் மாணவர் எந்த விலங்கையும் காப்பாற்றிவிடப் போவதில்லை. ஆயினும் தொடாமல் பார்க்கவும், கண்டதை மட்டுமே எழுதவும், அந்த மண்ணின் மனிதரை ஆசிரியராக ஏற்கவும் அவர் கற்கலாம். அதற்காகச் செல்வதானால் கடிதம் தருகிறேன் என்று மாணவியிடம் சொன்னேன். அவர் இன்னும் மறுமொழி தரவில்லை. நான் மறுத்தது மிகையா என்பதை நண்பர்கள் சொல்லலாம்.