ஆள் குறைந்த ஊரில் ஒரு கல்வீடு

பிரான்ஸின் நாட்டுப்புறத்தில் பழைய கல்வீடுகளை விற்கும் விளம்பரங்களில் சில அம்சங்கள் தவறாமல் இடம்பெறும்: இரண்டடி கனச் சுவர், வீட்டோடு ஒட்டிய மாட்டுத்தொழுவம், முற்றத்தில் ரொட்டி சுடும் அடுப்பு, கல் வைத்து அடைத்த பழைய ஜன்னல். பாரிஸிலிருந்தும் லண்டனிலிருந்தும் ஆம்ஸ்டர்டாமிலிருந்தும் வருபவர்கள் இவற்றிடம்தான் மனதைப் பறிகொடுக்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் ஒவ்வொன்றும் ஏன் அங்கே இருக்கிறது என்று கேட்டுத் தெரிந்துகொண்ட பிறகு வாங்குவதுதான் முறை.

1798இல் பிரெஞ்சு அரசு வீடுகளின் கதவுகளுக்கும் ஜன்னல்களுக்கும் வரி விதித்தது. அந்த வரி 1926 வரை நீடித்தது. வரிக்குப் பயந்து வெளிச்சத்தையும் காற்றையும் அடைத்துக்கொண்ட குடும்பங்கள் உண்டு. தொழுவம் வீட்டை ஒட்டியிருப்பதால், பனிக்காலத்தில் மாடுகளின் உடல்சூடு மனிதர்களுக்கும் உதவியது. இன்று அழகு என்று விலை பேசப்படுவதில் பாதி, அன்றைய வறுமை விட்டுச்சென்ற தடம்.

நாட்டின் நடுப்பகுதியில், லிமூசான் வட்டாரத்தில் இருக்கும் க்ரூஸ் மாவட்டத்தை எடுத்துக்கொள்வோம். பிரான்ஸில் வீடு மிக மலிவாகக் கிடைக்கும் இடங்களில் அதுவும் ஒன்று. கருங்கல் பூமி; விளைச்சல் குறைவு. விவசாயம் வயிற்றுக்குப் போதாததால், பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்குள்ள ஆண்கள் வசந்தம் பிறக்கும்போது கொத்தனார் வேலைக்குப் புறப்பட்டுப் போவார்கள். குளிர்காலத்தில்தான் ஊர் திரும்புவார்கள். ரயில் வருவதற்கு முன் பாரிஸ் வரை நடைதான். மார்த்தேன் நதோ என்பவர் 1830இல், பதினான்கு வயதில், தந்தையோடு அப்படி நடந்து போனவர். பின்னாளில் நாடாளுமன்ற உறுப்பினராகி, அந்தக் கொத்தனார் வாழ்க்கையைத் தன் நினைவுக்குறிப்புகளில் எழுதி வைத்தார். நகர நிர்வாகி ஓஸ்மான் பாரிஸை இடித்துப் புதிதாகக் கட்டியபோது கல் அடுக்கியவர்களில் க்ரூஸ்காரர்கள் ஏராளம். அங்கே மிச்சம் பிடித்த காசு, ஊரில் நிலமாகவும் வீடாகவும் மாறியது.

பிறகு அவர்கள் திரும்பி வருவது குறைந்தது. பாரிஸிலேயே குடும்பத்தை வைத்துக்கொண்டார்கள். முதல் உலகப்போர் பதின்மூன்று லட்சத்துக்கும் மேற்பட்ட பிரெஞ்சு வீரர்களை விழுங்கியது. மடிந்தவர்களில் பெரும்பங்கு கிராமத்து இளைஞர்கள். க்ரூஸின் ஜான்தியூ கிராமத்தில் 1922இல் எழுப்பப்பட்ட நினைவுச்சின்னத்தில் ஓர் அநாதைச் சிறுவன், செதுக்கிய பெயர்களை நோக்கி முஷ்டியை நீட்டிப் போரைச் சபிக்கிறான். 1931 கணக்கெடுப்பில் நாட்டின் நகரவாசிகள் முதன்முறையாகக் கிராமத்தாரை எண்ணிக்கையில் முந்தினார்கள். இரண்டாம் உலகப்போருக்குப் பின் டிராக்டர் வந்து, எஞ்சியிருந்த கூலியாட்களுக்கும் வேலை இல்லாமல் செய்தது. 1851இல் சுமார் 2,87,000 பேர் இருந்த க்ரூஸில் இன்று இருப்பவர்கள் சுமார் 1,15,000 பேர்தான்.

ஆள் போன பிறகு வீடு என்னவாயிற்று? 1804ஆம் ஆண்டின் சிவில் சட்டம் எல்லாப் பிள்ளைகளுக்கும் சமபங்கு என்றது. நியாயமான சட்டம். ஆனால் பாகம் பிரிக்காமல் விட்ட வீட்டில் தலைமுறைக்குத் தலைமுறை பங்காளிகள் பெருகினார்கள். ஒருவர் லியோனில், ஒருவர் பாரிஸில், ஒருவர் எங்கே என்றே தெரியாது. கூரை ஓடு மாற்ற யாரும் காசு போடமாட்டார்கள், விற்கவும் ஒத்துவரமாட்டார்கள். சொத்துப் பத்திரங்களை முடித்துத் தரும் நொத்தேர் என்ற சட்ட அலுவலர் முன் ஒருவழியாகக் கையெழுத்தாகும் நாளுக்குள் பல வீடுகளில் உத்திரமே இறங்கிவிடும். விலை மலிவாக இருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இப்படிக் காலியான வீடுகளைத்தான் 1960களிலிருந்து நகரத்தார் வாங்கத் தொடங்கினார்கள். அவர்களுக்குப் பின்னால் பிரிட்டிஷ்காரர்களும் டச்சுக்காரர்களும் வந்தார்கள். இன்று பிரான்ஸின் குடியிருப்புகளில் ஏறத்தாழ பத்தில் ஒன்று, ஆண்டில் சில வாரங்கள் மட்டும் திறக்கப்படும் இரண்டாம் வீடு. வெளியூர்க்காரர்கள் வந்துதான் கிராமம் செத்தது என்ற குற்றச்சாட்டை க்ரூஸின் வரலாறு ஏற்கவில்லை. அவர்கள் வருமுன்பே ஊர் காலியாகிவிட்டது. அந்த வீட்டைக் கட்டிய கொத்தனாரும் ஆண்டில் முக்கால்வாசி வெளியூரில்தான் இருந்தார். ஆனால் அவர் மனைவி வயலைப் பார்த்துக்கொண்டார். பிள்ளைகள் ஊரில் வளர்ந்தார்கள். அவர் சம்பாத்தியம் ஊருக்கு வந்து சேர்ந்தது. அவர் இல்லாதபோதும் அந்த வீட்டில் அடுப்பு எரிந்தது. இன்றைய உரிமையாளர் கேட்டுக்கொள்ள வேண்டியது இதைத்தான்: நான் இல்லாதபோது இந்த வீடு ஊருக்கு என்ன செய்கிறது?

முதல் கடமை சுவரிலேயே தொடங்குகிறது. இந்தக் கற்களுக்கு இடையில் இருப்பது மண்சாந்தும் சுண்ணாம்பும். நிலத்திலிருந்து ஏறும் ஈரம் சுண்ணாம்பு வழியே ஆவியாகி வெளியேறும். அதன்மேல் சிமெண்ட் பூசினால் பார்வைக்கு உறுதியாகத் தெரியும். ஈரமோ உள்ளேயே தங்கிவிடும். சில ஆண்டுகளில் உட்பூச்சு உதிரும், சுவருக்குள் செருகிய உத்திரத்தின் நுனி மக்கும். சுண்ணாம்பு வேலை தெரிந்த உள்ளூர்க் கொத்தனாரை அமர்த்தினால் சுவரும் நிற்கும், ஒரு தொழிலும் பிழைக்கும்.

சட்டமும் இந்தப் பொறுப்பை நினைவூட்டுகிறது. பழைய வீட்டுக்குப் பதிவுச் செலவே விலையில் 7 முதல் 8 சதவீதம் வரை ஆகும். ஒப்பந்தம் போட்ட பின் மனம் மாற வாங்குபவருக்கு 10 நாள் அவகாசம் உண்டு. கழிவுநீர்த் தொட்டி விதிப்படி இல்லையென்றால், ஓராண்டுக்குள் வாங்கியவரே சரிசெய்ய வேண்டும். விளைநிலம் சேர்ந்திருந்தால், 1960ஆம் ஆண்டுச் சட்டத்தில் பிறந்த சஃபேர் என்ற அமைப்பு குறுக்கிட்டு அதை விவசாயிக்கு வாங்கித் தரலாம். இவற்றைத் தொல்லை என்று பார்க்க வேண்டியதில்லை. நிலமும் ஊரும் தனியொருவரின் விடுமுறைக்காக மட்டும் இல்லை என்பதே இவற்றின் பொருள்.

ஆகவே, வாங்க நினைப்பவர்கள் ஜூலை வெயிலில் போய் முடிவெடுக்க வேண்டாம். பிப்ரவரியில் போய்ப் பாருங்கள். ரொட்டிக்கடை திறந்திருக்கிறதா, பள்ளிக்கூடம் நடக்கிறதா, அருகில் மருத்துவர் இருக்கிறாரா என்று விசாரியுங்கள். அங்கேயே குடியிருங்கள், முடியாவிட்டால், நீங்கள் இல்லாத மாதங்களில் வேறொரு குடும்பம் இருக்க வழி செய்யுங்கள். இரண்டுக்கும் மனமில்லை என்றால் விடுமுறைக்கு வாடகை வீடு போதும். கல்வீட்டை, அதில் வாழப்போகிறவர்கள் வாங்கட்டும்.