கரி பிடித்த பிளக்



சென்ற இதழில் மோட்டார் சைக்கிளின் சங்கிலியைப் பராமரிப்பது குறித்து எழுதியிருந்ததை வாசித்துவிட்டுச் சிலர் தொலைபேசியில் பேசினீர்கள். அவர்களில் நான்கு பேர் ஏறத்தாழ ஒரே கேள்வியைக் கேட்டார்கள். காலையில் பத்து முறை, பதினைந்து முறை உதைத்தாலும் வண்டி கிளம்புவதில்லை. பிளக்கைக் கழற்றித் துடைத்துப் போட்டால் கிளம்புகிறது. இரண்டு நாட்கள் கழித்து மறுபடியும் அதே கதை. இதற்கு என்ன செய்வது?

இந்தக் கேள்விக்கு விடை எழுத உட்கார்ந்தபோது, 2023ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதத்தில் என் வீட்டுக்கு வந்த ஒரு தம்பியின் நினைவு எழுந்தது. தென்காசிப் பக்கத்திலிருந்து பெங்களூருக்குப் பிழைக்க வந்தவர். கிருஷ்ணராஜபுரத்தில் ஒற்றை அறை வீட்டில் மனைவியோடும் கைக்குழந்தையோடும் குடியிருந்து, உணவுப் பொட்டலங்களை வீடு வீடாகக் கொண்டு சேர்க்கும் வேலை செய்து வந்தார். பத்து வருடப் பழைய 100 சிசி வண்டி ஒன்றை ஊரிலிருந்து ரயிலில் ஏற்றிக் கொண்டு வந்திருந்தார். (வேற்று மாநிலப் பதிவு உள்ள வண்டியைக் கர்நாடகத்தில் ஓட்டுவதில் உள்ள வரித் தொல்லைகளைப் பற்றித் தனியாக எழுத வேண்டும்.) வந்த மூன்றே மாதங்களில் வண்டி சிக்னலுக்குச் சிக்னல் அணையத் தொடங்கியது. ஒரு மெக்கானிக் பார்த்துவிட்டு, "என்ஜினைப் பிரித்து போர் போட்டு பிஸ்டன் மாற்ற வேண்டும், ஒன்பதாயிரம் ஆகும்" என்று சொல்லியிருக்கிறார். தம்பி மனைவியின் கம்மலை அடகு வைக்கத் தீர்மானித்துவிட்டு, அதைச் சொல்லவே என்னிடம் வந்தார்.

"வண்டி புகைகிறதா தம்பி?" என்று கேட்டேன்.

"இல்லை ஐயா."

"என்ஜின் ஆயில் குறைகிறதா?"

"போன மாதம் மாற்றியது ஐயா, அளவு அப்படியே இருக்கிறது."

அப்படியானால் முதலில் பிளக்கைப் பார்க்கலாம் என்று சொல்லி ஸ்பேனரை எடுத்து வந்தேன்.

பிளக் செய்யும் வேலையைச் சற்று அறிந்துகொண்டால் மற்றவை எளிதாக விளங்கும். காயிலிலிருந்து பல்லாயிரம் வோல்ட் மின்சாரம் பிளக்கின் நடுக்கம்பி வழியே இறங்குகிறது. அதன் முனைக்கும் வளைந்து நிற்கும் பக்கக் கம்பிக்கும் இடையில் ஒரு மில்லிமீட்டருக்கும் குறைவான இடைவெளி உண்டு. அந்த இடைவெளியைத் தாண்டும்போது பொறி தோன்றி, பெட்ரோலும் காற்றும் கலந்த கலவை தீப்பற்றுகிறது. நிமிடத்திற்கு 6,000 சுற்று ஓடும் நான்கு-ஸ்ட்ரோக் என்ஜினில் வினாடிக்குக் குறைந்தது 50 முறை இது நடக்க வேண்டும். நடுக்கம்பியைச் சுற்றியிருக்கும் வெள்ளைப் பீங்கான், மின்சாரம் வேறு வழியில் ஓடிவிடாமல் தடுக்கிறது. ஆனால் கரி மின்சாரத்தைக் கடத்தும் பொருள். பீங்கானின் மேல் கரி படிந்துவிட்டால், இடைவெளியைத் தாண்டுவதற்குப் பதிலாக மின்சாரம் கரியின் மேலேயே ஓடி, பிளக்கின் இரும்பு உடலுக்குள் இறங்கிவிடுகிறது. பிறகு எத்தனை முறை உதைத்தும் பயனில்லை.

இந்தக் கரியைத் தானே எரித்துக்கொள்ளும் ஆற்றல் பிளக்குக்கு உண்டு. அதன் முனை ஏறக்குறைய 450 டிகிரி செல்சியஸுக்கு மேல் சூடாக இருந்தால் படிகிற கரி அவ்வப்போதே எரிந்து போகும். 800 டிகிரிக்கு வெகுவாக மேலே போனாலோ, பொறி வருவதற்கு முன்னமே கலவை தீப்பற்றி பிஸ்டனையே ஓட்டையாக்கிவிடக்கூடும். இவ்விரண்டுக்கும் நடுவில்தான் பிளக் வாழ வேண்டும். போக்குவரத்து நெரிசலில் மணிக்கணக்காக ஊர்ந்து போகிற வண்டியில் அந்தச் சூடு ஏறுவதே இல்லை. நகரத்து வண்டிகளில் பிளக் அதிகம் அடைபடுவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

தம்பியின் பிளக்கைக் கழற்றிப் பார்த்தபோது, முனை முழுவதும் அடுப்புக்கரி போலக் கறுத்து, உலர்ந்து, விரலில் தொட்டால் ஒட்டிக்கொள்கிறதாயிருந்தது. எண்ணெய்ப் பிசுக்கு சிறிதும் இல்லை. "இது பிஸ்டனின் குற்றமாகத் தெரியவில்லை. உன் வண்டிக்கு மூச்சுத் திணறுகிறது" என்றேன்.

பிளக்கின் நிறத்தைக் கொண்டு என்ஜினின் உள்நிலையை அறிவது பழைய மெக்கானிக்குகள் எல்லாருக்கும் தெரிந்த வித்தை. வெளிறிய பழுப்பு அல்லது சாம்பல் கலந்த பழுப்பு நிறமாயிருந்தால் குறையில்லை. உலர்ந்த கரியாயிருந்தால் பெட்ரோல் அதிகம், காற்று குறைவு. அல்லது பொறியே பலவீனம். எண்ணெயில் தோய்ந்து பளபளத்தால் ரிங் தேய்ந்திருக்கலாம், அல்லது வால்வு சீல் போயிருக்கலாம். பெட்ரோல் வாசனையோடு வெறுமனே நனைந்திருந்தால் உதைத்து உதைத்துப் பெட்ரோல் உள்ளே தேங்கிவிட்டது என்று பொருள். சுண்ணாம்பு போல வெளுத்து, கொப்புளம் கண்டதுபோல இருந்தால்தான் மிகுந்த எச்சரிக்கை தேவை. அது கரியைப் போல வண்டியை நிறுத்தாது. ஓட விட்டு, ஒரு நாள் என்ஜினையே கெடுக்கும்.

அடுத்து ஏர் ஃபில்டரின் மூடியைத் திறந்தோம். வெளிவட்டச் சாலையின் தூசி முழுவதும் அதில்தான் குடியிருந்தது. கடைசியாக எப்போது மாற்றியது என்று கேட்டேன். மாற்றுவது என்று ஒன்று உண்டா என்று அவர் என்னையே திருப்பிக் கேட்டார். அதோடு சோக் நெம்புகோலைப் பார்த்தால், பாதி தூக்கிய நிலையிலேயே இறுகிக் கிடந்தது. பெங்களூரின் காலைக் குளிருக்காக அதைத் தூக்கத் தொடங்கியவர், முழுவதுமாக இறக்க மறந்து நாட்கணக்காக ஓட்டியிருக்கிறார். சோக் என்பது காற்றை மறித்து, பெட்ரோலின் பங்கைக் கூட்டும் ஏற்பாடு. வண்டி கிளம்பி ஓரிரு நிமிடங்களில் அதை இறக்கிவிட வேண்டும்.

மூன்றாவதாக இன்னொரு சிறு காரணமும் உண்டு. பெங்களூர் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 900 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. இங்கே காற்றின் அடர்த்தி கடற்கரை ஊர்களில் இருப்பதைவிடச் சுமார் பத்தில் ஒரு பங்கு குறைவு. சமவெளியில் சரியாக ஓடிய கார்புரேட்டர் இங்கே சற்றே அதிகமான பெட்ரோலைக் கொடுக்கும். நல்ல நிலையிலிருக்கும் வண்டி இதைப் பொறுத்துக்கொள்ளும். அடைத்த ஃபில்டரும் தூக்கிய சோக்கும் சேர்ந்துகொண்டால் பொறுக்காது.

பிளக்கை எப்படிச் சுத்தம் செய்வது? என்ஜின் நன்றாக ஆறிய பிறகே கழற்றுங்கள். என்ஜினின் தலைப்பகுதி அலுமினியத்தால் ஆனது. சூட்டோடு திருகினால் மரை கழன்றுவிடும். கழற்றுவதற்கு முன் பிளக்கைச் சுற்றியிருக்கும் மண்ணை ஊதித் தள்ளுங்கள், இல்லையேல் அது நேரே சிலிண்டருக்குள் விழும். சிறிது பெட்ரோலில் நனைத்து, பழைய பல் துலக்கும் பிரஷினால் கரியைத் தேயுங்கள். இரும்புக் கம்பி பிரஷ் வேண்டாம்; அது பீங்கானின் மேல் உலோகக் கோடுகளை விட்டுச் செல்லும், அந்தக் கோடுகளும் மின்சாரத்தைக் கடத்தும். துடைத்து முழுவதுமாக உலர்ந்த பின் இடைவெளியைப் பாருங்கள். நம் நாட்டுச் சிறிய வண்டிகள் பலவற்றுக்கு அது 0.6 முதல் 0.9 மில்லிமீட்டருக்குள் இருக்கும். உங்கள் வண்டிக்குரிய சரியான அளவு கையேட்டில் இருக்கிறது. திரும்பப் பொருத்தும்போது முதலில் கையாலேயே கடைசிவரை திருகுங்கள். அதன் பிறகு ஸ்பேனரால், புதிய பிளக்காக இருந்தால் ஏறக்குறைய அரைச் சுற்று. பழைய பிளக்காக இருந்தால் எட்டில் ஒரு சுற்றுக்கு மேல் வேண்டாம். பலத்தைக் காட்டும் இடம் இதுவல்ல.

பிளக்கை அடுப்பில் வாட்டிக் கரியைப் போக்கும் வழக்கம் நம்மவர்களில் சிலருக்கு உண்டு. சகோதரரே, தயவுசெய்து அதைச் செய்யாதிருங்கள். திடீர்ச் சூட்டில் பீங்கான் விரிசல் விடும் என்பது ஒருபுறம் இருக்கட்டும். ஒற்றை அறை வீட்டில் ஒரு மூலையில் கேஸ் அடுப்பு எரிய, மறு மூலையில் கிண்ணத்தில் பெட்ரோலை வைத்துக்கொண்டு பிளக் கழுவுகிறவரை நான் கண்ணாரக் கண்டிருக்கிறேன். பக்கத்தில் குழந்தை உறங்கிக்கொண்டிருந்தது. பெட்ரோலின் ஆவி கண்ணுக்குத் தெரியாமல் தரையோடு தவழ்ந்து நெருப்பைத் தேடிப் போகும். இந்த வேலையை வீட்டுக்கு வெளியே, திறந்த வெளியில் மாத்திரம் செய்யுங்கள். பொறி வருகிறதா என்று சோதிப்பதற்காக பிளக்கை என்ஜினின்மேல் சாய்த்து வைத்து உதைக்கிறவர்களும், பிளக் துவாரத்தின் அருகே அதை வைக்கலாகாது. உள்ளிருந்து வரும் ஆவியில் தீப்பற்றக்கூடும்.

புதிய பிளக் வாங்கும்போது எண்ணைக் கவனிக்க வேண்டும். அந்த எண் பிளக்கின் வெப்ப நிலையைக் குறிக்கிறது. என்ஜிகே பிளக்கில் எண் கூடக் கூட பிளக் குளிர்ந்த தன்மையுடையதாகும். போஷ் பிளக்கிலோ எண் கூடினால் சூடான தன்மை. ஒன்றுக்கொன்று நேர் எதிர். "இதுவும் பொருந்தும், எடுத்துப் போங்கள்" என்று கடைக்காரர் சொன்னால், மரை பொருந்தும் என்பது மாத்திரமே அதன் பொருள்.

இவ்வளவும் சொல்லுகிற எனக்கும் ஒரு காலத்தில் இது தெரியாது. 1998ஆம் ஆண்டில் பழைய யமஹா ஆர்எக்ஸ்100 ஒன்றை வாங்கினேன். இரண்டு-ஸ்ட்ரோக் வண்டி, 2டி எண்ணெய் தனித் தொட்டியிலிருந்து பம்ப் வழியாகத் தானே போய்ச் சேரும். அது போதாதென்று, என்ஜின் நீடித்து உழைக்கட்டும் என்ற நல்லெண்ணத்தோடு பெட்ரோல் தொட்டியிலும் தாராளமாக எண்ணெயை ஊற்றி வந்தேன். கோலார் தங்கவயலில் ஒரு துக்க வீட்டுக்குப் போய்விட்டு இரவில் மனைவியோடு திரும்பும்போது, ஹொஸ்கோட்டைக்கு அருகே மழையில் வண்டி நின்றுவிட்டது. உதைத்து உதைத்து என் கால் ஓய்ந்தது. லாரியை நிறுத்தி இறங்கிவந்த ஒரு ஓட்டுநர் பிளக்கைக் கழற்றி, விளக்கு வெளிச்சத்தில் பார்த்துவிட்டு, "இதென்ன, தாளித்து வைத்திருக்கிறீர்கள்!" என்றார். என் மனைவி அந்த வார்த்தையை இன்னும் மறக்கவில்லை.

எல்லாப் பிளக்கும் துடைத்தால் சரியாகிவிடும் என்று எண்ணிவிடவும் கூடாது. சில வருடங்களுக்கு முன், எண்ணெயில் தோய்ந்த பிளக்கை வாரம் ஒருமுறை துடைத்துப் போட்டு ஒரு சகோதரர் ஆறு மாதம் காலம் கடத்தினார். ஆயில் குறைவதைக் கவனிக்கவில்லை. முடிவில் ஓசூர் சாலையில் என்ஜின் இறுகி, ரிங் மாற்றினால் தீர்ந்திருக்கக்கூடிய செலவு பல மடங்காயிற்று. நீல நிறப் புகையும், குறையும் ஆயிலும், ஈரமான பிளக்கும் சேர்ந்து வந்தால் மெக்கானிக் சொல்வது சரிதான். அங்கே துடைத்துக்கொண்டிருப்பது வீண்.

2020 ஏப்ரல் முதல் பிஎஸ்-6 விதிகள் நடைமுறைக்கு வந்த பின் விற்கப்பட்ட புதிய வண்டிகள் பெரும்பாலானவற்றில் கார்புரேட்டருக்குப் பதிலாக எரிபொருளைத் தெளிக்கும் இன்ஜெக்டர் இருக்கிறது. காற்றுக்கு ஏற்ற அளவைக் கணினியே பார்த்துக்கொள்வதால் அவற்றில் பிளக் எளிதில் கரி பிடிப்பதில்லை. பிடித்தால், பெரும்பாலும் சென்சார் அல்லது இன்ஜெக்டர் கோளாறு. அதை உரிய கருவி உள்ள இடத்தில்தான் காட்ட வேண்டும்.

தம்பியின் வண்டிக்குப் புதிய ஏர் ஃபில்டரும் புதிய பிளக்கும் வாங்கினோம். சோக் நெம்புகோலை மண்ணெண்ணெய் விட்டு இளக்கினோம். எல்லாம் சேர்ந்து ஐந்நூறு ரூபாய்க்குள் முடிந்தது. பழைய மதராஸ் சாலையில் கால் மணிநேரம் நல்ல வேகத்தில் ஓட்டி வரச் சொல்லி, வந்ததும் பிளக்கை மறுபடியும் கழற்றிப் பார்த்தோம். கரி இல்லை. மறுநாள் காலை இரண்டாவது உதையில் கிளம்பியதாகத் தொலைபேசியில் சொன்னார். கம்மல் அடகுக் கடைக்குப் போகவில்லை. பழைய பிளக்கைச் சுத்தம் செய்து, துணியில் சுற்றி, ஸ்பேனரோடு இருக்கைக்கு அடியில் வைத்திருக்கிறார்.

கேள்வி கேட்ட நால்வரில் மூவருடைய வண்டியில் இருப்பது உலர்ந்த கரிதான் என்று விசாரித்து அறிந்தேன். அவர்கள் முதலில் ஃபில்டரைத் திறந்து பார்க்கட்டும். நான்காமவர் தம் பிளக் எப்போதும் ஈரமாகவே இருக்கிறது, ஆயிலும் குறைகிறது என்கிறார். வருகிற சனிக்கிழமை மாலை வண்டியோடு வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன். அதுவரை தினமும் ஆயில் அளவைப் பார்த்து எழுதி வைக்கும்படியும் சொல்லியிருக்கிறேன்.