எவர்சில்வர் கரண்டி ஜாக்கிரதை!

உங்கள் சீமந்த புத்திரன் டம்ளர் தண்ணீரில் இரண்டு கம்பிகளைத் தோய்த்து, டார்ச் லைட் பாட்டரிகளோடு இணைத்துக் குமிழி வருகிறதா என்று பார்த்துக்கொண்டிருந்தால், அவனைத் திட்டாதீர்கள். 1800-ம் ஆண்டில் லண்டனில் நிக்கல்ஸன், கார்லைல் என்ற இரு கனவான்கள் செய்த காரியமும் அதுதான். முதலில் அவர்கள் போட்டவை பித்தளைக் கம்பிகள். ஒன்றில் ஹைட்ரஜன் வந்தது. மற்றொன்றில் வரவேண்டிய பிராணவாயுவைக் காணோம்! கம்பியே அதை விழுங்கிவிட்டுக் கறுத்துக் கிடந்தது. பிளாட்டினம் போட்ட பிறகே பிராணவாயு தலை காட்டிற்று.

ஹைட்ரஜன் வரும் நெகடிவ் பக்கத்தில், காரம் கலந்த தண்ணீரில், சாதாரண இரும்புகூடத் தாக்குப் பிடிக்கும். வம்பெல்லாம் பாஸிடிவ் பக்கத்தில்தான். அங்கே செம்பு கரையும். பழைய பாட்டரியிலிருந்து உருவிய கரிக்குச்சி உதிர்ந்து தண்ணீரைக் கறுப்பாக்கும்.

"எவர்சில்வர்தான் துருப்பிடிக்காதே, கரண்டியைப் போட்டால் என்ன?" என்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். எவர்சில்வரைக் காப்பது அதிலுள்ள குரோமியம் போர்த்தும் மெல்லிய தோல். வெறும் தண்ணீரில் மின்சாரம் சரியாக ஓடாது என்று பையன் சலவைச் சோடாவைக் கரைப்பான் அல்லவா? அதில் மின்சாரம் பாய்ந்தால் அந்தக் குரோமியமே கரைந்து தண்ணீர் மஞ்சளாகலாம். அந்த மஞ்சள், புற்றுநோய் உண்டாக்கும் விஷம். ராணிப்பேட்டையில் நிலத்தடி நீரைக் கெடுத்த குரோமியமும் இதே ஜாதிதான். சோடாவுக்குப் பதில் உப்பைப் போட்டாலோ குளோரின் கிளம்பித் தொண்டையைக் கமறும்.

பெரிய ஆலைக்காரர்கள் வெகு காலமாக நம்பியிருப்பது நிக்கலை. காஸ்டிக் பொட்டாஷ் கரைசலில் அதன் மேல் ஓர் ஆக்ஸைடு கவசம் படிகிறது. கவசம் உலோகத்தைக் காக்கிறது, மின்சாரத்தையும் தடுப்பதில்லை. பஞ்சாபிலுள்ள நங்கலில் 1960-களில் பக்ரா அணையின் மின்சாரத்தால் தண்ணீரைப் பிளந்து உரம் செய்தார்களே, அது போன்ற ஆலைகளுக்கு அணை மின்சாரம் இரவும் பகலும் வரும். சூரிய மின்சாரமோ மாலையில் படுத்துவிடும். அப்போது மின்னோட்டம் திசை மாறித் தகடுகளை அரிக்கிறது. தினம் ஒரு தடவை இப்படி நேர்ந்தால் நிக்கலும் என்ன செய்யும்?

அமிலத் தன்மையுள்ள சவ்வை வைத்து வேலை செய்யும் புது யந்திரங்கள் இந்த ஏற்ற இறக்கத்தைச் சமாளிக்கும். ஆனால் அவற்றின் பாஸிடிவ் பக்கத்துக்கு இரிடியம் வேண்டும். உலகம் முழுவதும் வருஷத்துக்குக் கிடைக்கும் இரிடியம் 10 டன்கூட இல்லை! மத்திய சர்க்கார் 2023-ல் ஏற்ற திட்டமோ, 2030-க்குள் வருஷத்துக்கு 50 லட்சம் டன் பசுமை ஹைட்ரஜன் என்கிறது. அத்தனையையும் இரிடியத்தை நம்பிச் செய்வது எனக்குச் சாத்தியமாகத் தோன்றவில்லை. நிக்கலை நீண்ட நாள் உழைக்க வைப்பதுதான் வழி.

பையனுக்கு இந்தத் தலைவலி வேண்டாம். இரண்டு பென்சில்களைச் சீவிக் கொடுங்கள். உள்ளிருக்கும் கரி மெள்ள உதிரும், உதிர்ந்தாலும் கரிதானே! சிட்டிகை சலவைச் சோடா போதும். ஜன்னல் திறந்திருக்கட்டும், பக்கத்தில் அடுப்போ விளக்கோ எரிய வேண்டாம். ஏற்கெனவே ஆராய்ச்சிக்குப் போய் வந்த கரண்டி இருந்தால், அதை மறுபடி சாம்பாரில் போடாதீர்கள்.