இரத்த அழுத்தமும் நமது அசட்டையும்

நமது கலாசாலையில் உயிர்நூல் பயிலும் மாணாக்கரில் எவரை வினவினும், இருதயத்துக்கு நான்கு அறைகள் உள. வலப்புற அறைகளில் பிராணவாயு குன்றிய இரத்தமும், இடப்புற அறைகளில் அவ்வாயு நிறைந்த இரத்தமும் ஓடும் என்று தடையின்றிக் கூறுவர். படம் வரைந்து குறியிடுக எனின் அதனையும் பிழையறச் செய்வர். ஆயின், ‘உம் தந்தையாரின் இரத்த அழுத்தம் எவ்வளவு?’ என்று கேட்பின் பெரும்பாலோர் வாய் திறவார். இக்கல்வி பாதிக் கல்வியே என்பது நம் கருத்து.

இரத்தம் உடலைச் சுற்றிவருகின்றது என்பதை இன்று பாலரும் அறிவர். எனினும் காலென் என்னும் கிரேக்க வைத்தியரைப் பின்பற்றி, கல்லீரல் உணவினின்று இரத்தத்தை இடையறாது ஆக்குகின்றது, உறுப்புகள் அதனை உறிஞ்சித் தீர்க்கின்றன என்றே மேனாட்டார் பன்னூறு ஆண்டுகள் நம்பியிருந்தனர். 1628-ஆம் ஆண்டில் வில்லியம் ஹார்வி என்னும் ஆங்கில வைத்தியர் இக்கொள்கையை வீழ்த்தக் கைக்கொண்ட சிறந்த கருவி யாது? எளிய பெருக்கற் கணக்கே. இருதயம் ஒரு துடிப்பில் ஏறக்குறைய 70 மில்லிலிட்டர் இரத்தத்தை வெளித்தள்ளுகின்றது. நிமிஷத்துக்கு 72 துடிப்பெனின் 5 லிட்டர். மணிக்கு 300 லிட்டர். இவ்வளவையும் உணவினால் ஆக்குவது எங்ஙனம்? ஆதலின் சென்ற இரத்தமே மீண்டு வருதல் வேண்டும். நாம் இன்று கொள்ளும் அளவினும் மிகக் குறைந்த அளவை வைத்துக் கணக்கிட்டும் ஹார்வி இம்முடிவையே கண்டார். நாடிகளையும் சிரைகளையும் இணைக்கும் நுண்ணிய தந்துகிகளை அவர் கண்டிலர். அவர் இறந்து நான்காண்டு சென்றபின், 1661-இல், மால்பீகி என்பார் தவளையின் சுவாசப்பையில் அவற்றைப் பூதக்கண்ணாடியால் கண்டனர்.

ஓடும் இரத்தம் குழாயின் சுவரை அழுத்துமன்றோ? அவ்வழுத்தத்தை முதலில் அளந்தவர் ஸ்டீபன் ஹேல்ஸ் என்னும் ஆங்கிலத் திருச்சபைக் குரு. பெட்டைக் குதிரையொன்றின் நாடியில் கண்ணாடிக் குழாயைப் பொருத்தி, அதில் இரத்தம் 8 அடிக்கு மேல் எழுந்ததைக் கண்டு, 1733-இல் நூலாக வெளியிட்டார். மனிதரிடம் செய்யத்தக்கதோ இது! 1896-இல் இத்தாலியரான ரிவா-ரோச்சி கையில் கட்டும் காற்றுப் பட்டையை அமைத்தார். 1905-இல் ரஷ்யரான கொரொட்கோவ், பட்டையைத் தளர்த்துங்கால் நாடியில் எழும் ஒலியைக் கேட்டு அளக்கும் முறையைக் கூறினார். ஒலி தோன்றும்போது காணும் எண் இருதயம் சுருங்கும்போதுள்ள அழுத்தம்; ஒலி மறையும்போது காண்பது அது விரியும்போதுள்ள அழுத்தம். பலமுறை அளந்தும் 140/90 அல்லது அதற்கு மேல் நிற்குமாயின் அதனை மிகை அழுத்தம் என்பர். மூவிரல் வைத்து நாடி பார்க்கும் நம்மவர் வழக்கம் துடிப்பின் வேகத்தையும் ஒழுங்கையும் காட்டும். இந்த எண்ணைக் காட்டாது.

இந்நோயின் கொடுமை யாதெனில், அது பெரும்பாலும் வலியோ மயக்கமோ தாராது. உள்ளிருந்தே நாடிகளைக் கடினமாக்கி, இருதயத்தைப் பருக்கச்செய்து, சிறுநீரகத்தைக் கெடுத்து, ஒருநாள் பாரிசவாயுவாகவோ மாரடைப்பாகவோ வெளிப்படும். அமெரிக்கத் தலைவர் ரூஸ்வெல்ட் 1944 மார்ச்சில் பரிசோதிக்கப்பட்டபோது அவர் அழுத்தம் 186/108 ஆக இருந்தது. 1945 ஏப்ரல் 12-இல் மூளையில் இரத்தம் கசிந்து அவர் மாண்டபொழுது, இறுதி நேரத்தில் 300/190 எனக் கண்டனர். உலகப் போரை நடத்திய அரசின் தலைவருக்கும் அக்காலத்தில் தகுந்த மருந்து கிட்டவில்லை. குறுகிய நாடிகளில் இரத்தத்தைச் செலுத்த மிகை அழுத்தம் வேண்டியதே என்று கருதிய வைத்தியரும் அந்நாளில் உளர். இன்றோ, அவருக்குக் கிடையாத மாத்திரைகள் நம் சிற்றூர்க் கடையிலும் சிறு விலைக்குக் கிடைக்கின்றன.

கிடைத்தும் என்? ‘எனக்கு ஒன்றுமில்லை, நன்றாகத்தானே இருக்கிறேன்’ என்பார் பலர். அளவு சரியாயிற்று என்றதும், அது மாத்திரையின் பயன் என்பதை மறந்து, தாமே அதனை நிறுத்துவார் வேறு பலர். நாம் நன்கறிந்த ஒரு பெரியவர் இங்ஙனம் நிறுத்தி, எட்டாம் மாதத்தில் வலக்கையும் பேச்சும் இழந்தனர், அவர் பட்டதாரியே. உலக சுகாதார ஸ்தாபனம் 2021-இல் வெளியிட்ட மதிப்பீட்டின்படி, மிகை அழுத்தமுடையாரில் ஏறக்குறையப் பாதிப்பேர் தமக்கு அஃதுண்டு என்பதையே அறியார். நாளொன்றுக்கு 5 கிராமிற்குக் குறைவாக உப்பு உண்க என்று அந்த ஸ்தாபனம் கூறுகின்றது. ஊறுகாயும் அப்பளமும் கருவாடும் மலிந்த நம் இலையில் அது எளிதன்று என்பதை ஒப்புகிறோம்.

வைத்தியரைக் கண்ட அச்சத்தால் சிலர்க்கு அழுத்தம் ஏறும், ஆதலின் அளந்து பயனில்லை என்பாரும் உளர். அச்சத்தால் ஏறுவது மெய்யே. ஆயின் அது வீட்டிலும் அளந்து பார்க்கவேண்டும் என்பதற்குக் காரணமாகுமேயன்றி, அளவாதிருத்தற்குக் காரணமாகாது. ஆதலின் நமது விஞ்ஞான சாலையில் ஒவ்வொரு மாணாக்கரும், எப்பாடத்தைப் பயில்வோராயினும், காற்றுப் பட்டையும் ஸ்டெதாஸ்கோப்பும் கொண்டு அழுத்தம் அளக்கப் பழகுதல் வேண்டும் என்று கலாசாலைத் தலைவர்க்கு விண்ணப்பிக்கின்றோம். விடுமுறைக்கு ஊர் செல்வோர் கருவியொன்றை இரவல் பெற்றுச் சென்று, தாய் தந்தையரை ஐந்து நிமிஷம் பேசாது அமர்த்தி, கையை இருதயத்தின் மட்டத்தில் தாங்கவைத்து, இருமுறை அளந்து, இரண்டு எண்களையும் நாளையும் குறித்து வருக. மிகையெனக் கண்டால், அவ்விடுமுறையிலேயே வைத்தியரிடம் உடன் அழைத்துச் செல்க.