வாசற்காவலனும் வேட்டியும்

தோழனே!

கடல்மேல் மிதக்கும் மாளிகைகள் உண்டு. சரக்கு ஏற்றாத கப்பல்கள் அவை. களிப்பை மட்டுமே ஏற்றிச் செல்பவை. நீச்சல் குளம் உண்டு, நாடகக் கொட்டகை உண்டு, நள்ளிரவு வரை நடனம் உண்டு. நம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே 2022 ஜூன் 4-ஆம் நாள் அத்தகைய உல்லாசக் கப்பலொன்று முதலமைச்சர் கொடியசைக்கப் புறப்பட்டது.

இக்கப்பல்களுள் பழம்பெருமை பேசுகின்ற சிலவற்றில், குறிப்பாக இங்கிலாந்தின் குனார்ட் நிறுவனத்துக் கப்பல்களில், ஒரு வழக்கம் இன்னும் வாழ்கிறது. பயணத்தின் சில இரவுகள் அலங்கார இரவுகள். மாலை 6 மணி அடித்துவிட்டால் ஆடவர் கோட்டும் கழுத்துப்பட்டையுமாக வர வேண்டும். மகளிர் நீண்ட அங்கியில் மின்ன வேண்டும். விருப்பமில்லாதவர்? அவர்களுக்கென்று குறித்த சில உணவறைகளில் உண்டு படுத்துக்கொள்ளலாம். பெரிய கூடத்தின் கதவு அவர்களுக்கு அன்றிரவு திறவாது.

இது வேண்டுமா, வேண்டாமா என்று பயணிகள் இரண்டு அணியாக நின்று வழக்காடுகிறார்கள். "ஆண்டெல்லாம் உழைத்தோம், ஓரிரவு அரசரைப்போல் அலங்கரித்துக்கொண்டால் என்ன குற்றம்?" என்று கேட்கிறது ஓரணி. "ஓய்வு தேடி வந்த இடத்திலுமா கழுத்துக்குச் சுருக்கு?" என்று சீறுகிறது மற்றோரணி.

அழகர்மலை அடிவாரத்தில் நெல்லும் மல்லிகையும் விளைவித்துப் பிழைக்கின்ற நமக்கு இந்தக் கப்பல் வழக்கு எதற்கு என்று நீ கேட்கலாம். நமக்குத்தான் வழக்கு, தோழனே! கப்பலில் வந்திறங்கிய அந்த வழக்கம், கப்பல் திரும்பிப் போனபின்னும் நம் நாட்டுக் கரையிலேயே தங்கிவிட்டது.

வெள்ளைக்காரத் துரை கப்பலின் மேல்தட்டில் விருந்துக்கென்று உடை மாற்றிக்கொண்டான். கீழே, அனல் கக்கும் கொதிகலன் முன்னால், லஸ்கர் என்று அழைக்கப்பட்ட நம் நாட்டுத் தொழிலாளி இடுப்புத் துணியோடு கரி அள்ளிப் போட்டான். மேலே பட்டு; கீழே வியர்வை. கரி எரிந்ததால் கப்பல் ஓடிற்று. கோட்டு அணிந்ததால் ஓர் அங்குலமும் ஓடவில்லை. ஆயினும் கப்பலில் கனவான் என்ற பெயர் எவனுக்கு? கரி அள்ளியவனுக்கா?

இறங்கிய துரைமார்கள் இங்கே கிளப்புகளைக் கட்டினர். 1832-இல் தோன்றியது மெட்ராஸ் கிளப். நூறாண்டுகளுக்கு மேலாக இந்தியனுக்கு அங்கே உறுப்புரிமை இல்லை. தட்டேந்தலாம், தட்டில் உண்ணலாகாது. பிறகு ஆட்சி மாறியது, கொடி மாறியது, கிளப்புகளின் தலைவர்களும் மாறினர். விதிப்புத்தகம் மட்டும் மாறவில்லை! நிறத்தைக் காட்டி மறித்தவன் போனான். நெய்த துணியைக் காட்டி மறிப்பவன் வந்தான்.

உடை விதி அற்பச் செய்தி என்று எண்ணுவோர் வேலூர்க் கோட்டையை நினைக்கட்டும். சிப்பாய்கள் புதுவகைத் தலைப்பாகை அணிய வேண்டும், நெற்றிக்குறி கூடாது, தாடி கூடாது என்று கும்பினித் தளபதிகள் ஆணை போட்டார்கள். 1806 ஜூலை 10-ஆம் நாள் விடியுமுன்னே கோட்டைக்குள் துப்பாக்கிகள் பதில் சொல்லின.

208 ஆண்டுகளும் ஒரு நாளும் கழிந்தன. 2014 ஜூலை 11. சென்னைச் சேப்பாக்கத்தில் தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் கிளப்பில் ஒரு நூல் வெளியீட்டு விழா. சென்னை உயர்நீதிமன்ற நீதிபதி அரிபரந்தாமன் அழைப்பின் பேரில் வருகிறார். வேட்டி கட்டி வருகிறார். வாசலில் மறிக்கப்படுகிறார்! அவரைப்போல் வேட்டியில் வந்த வழக்கறிஞர்களும் அன்று மறிக்கப்பட்டனர்.

நாட்டுக்கு நீதி சொல்பவருக்கு நாட்டு உடையில் நுழைவில்லை! கட்சி வேறுபாடின்றிக் கண்டனம் எழுந்தது. அடுத்த மாதமே, அன்றைய முதலமைச்சர் ஜெயலலிதாவின் ஆட்சியில், சட்டமன்றம் சட்டம் இயற்றியது. கிளப்போ, சங்கமோ, அறக்கட்டளையோ, நிறுவனமோ, தன் பொறுப்பிலுள்ள பொது இடத்தில் வேட்டி கட்டியவரையோ பிற இந்திய மரபுடை அணிந்தவரையோ தடுக்கலாகாது. தடுத்தால் ஓராண்டு வரை சிறை, 25,000 ரூபாய் வரை அபராதம், உரிமமும் பறிபோகும்.

"தனியார் கிளப்பின் உள்விதியில் அரசு தலையிடலாமா?" என்று மேதாவிகள் சிலர் வினவினர். நன்று! உன் வீட்டுக் கூடத்தில் நீ விரும்பியபடி விருந்து வை, கேட்க வரமாட்டோம். ஆனால் அரசின் உரிமம் வேண்டும், ஊராரை அழைத்து விழா நடத்தும் பெருமையும் வேண்டும், ஊரார் உடுக்கும் உடை மட்டும் வேண்டாம் என்றால், அது என்ன நியாயம்?

"ஒழுங்குக்காகத்தான்" என்று மற்றொரு சமாதானம். எது ஒழுங்கு? சித்திரை வெயிலில் கழுத்தை இறுக்கிக்கொண்டு வேர்ப்பதா ஒழுங்கு? பனி பெய்யும் நாட்டான் குளிருக்குக் கண்ட உடையைப் புழுதி பறக்கும் நாட்டில் மாட்டிக்கொண்டு, குளிரூட்டும் பொறியை வைத்துக் குளிரையும் விலைக்கு வாங்குவதா ஒழுங்கு?

இங்கே ஒரு சின்ன நாடகம். காட்சி, கிளப் வாசல். காலம், சித்திரைத் திருவிழா. அழகர்மலையிலிருந்து மதுரைக்குப் புறப்படும் கள்ளழகர் கள்ளர் திருக்கோலத்தில் வருவார் என்பதை நீ அறிவாய். அவர் வழிதவறி இந்த வாசலுக்கு வந்துவிட்டார் என்று வைத்துக்கொள்.

காவலன்: நில்லும்! யார் நீர்?

வந்தவர்: அழகர்மலைக்காரன்.

காவலன்: தலையில் என்ன கொண்டை? காதில் என்ன கடுக்கன்? கையில் என்ன வளைதடி?

வந்தவர்: வழியில் உள்ள மக்களின் கோலம் இது. அவர்களைப் பார்க்கப் போகிறேன்; அவர்களைப்போலவே போகிறேன்.

காவலன்: விதிப்படி காற்சட்டை வேண்டும். கழுத்துப் பட்டி வைத்த சட்டை வேண்டும். கயிறு கட்டிய காலணி வேண்டும்.

வந்தவர்: வைகைக் கரையில் இலட்சக்கணக்கானோர் எனக்காக இரவெல்லாம் விழித்திருக்கிறார்களே!

காவலன்: இருக்கட்டும். அவர்களில் எவரேனும் உறுப்பினரா?

சிரிக்கிறாயா? சிரி. பிறகு சிந்தி. நம்பிக்கையுள்ளவர் அழகரை வணங்கட்டும். இல்லாதவர் விலகி நிற்கட்டும். ஆனால் இந்த மண்ணின் மக்கள் உடையைப் பற்றி என்ன எண்ணியிருக்கிறார்கள் என்பதை அவ்விழாவில் படித்துக்கொள்ளலாம். ஆற்றில் இறங்கும் வேளைக்குரிய பட்டைப் பெட்டிக்குள் கைவிட்டுத்தான் எடுக்கிறார் பட்டர். பச்சை வந்தால் வயல் பசுமையாகும் என்று குலவையிடுகிறார்கள் பெண்கள். துணியில் அவர்கள் தேடுவது மழையை; மனிதனின் தகுதியை அல்ல.

அழகர்கோவிலில் வாசலுக்கே ஒரு காவலர் உண்டு. பதினெட்டாம்படிக் கருப்பர். சிலை கிடையாது; சந்தனம் பூசிய கதவே அவர். அழகரின் நகைப் பட்டியல் அவர் முன்னால் படிக்கப்படுகிறது. வழக்குடையவர்கள் அந்த வாசலில் நின்று சத்தியம் செய்கிறார்கள். திருடினாயா, பொய் சொன்னாயா என்று அக்காவலர் கேட்பதாக மக்கள் அஞ்சுகிறார்கள். காற்சட்டை போட்டிருக்கிறாயா என்று அவர் கேட்பதாக எவரும் அஞ்சியதில்லை!

இதைச் சொன்னதும் நம்மில் சிலர் மார்தட்டக் கூடும்: "பார்த்தீர்களா எங்கள் வேட்டியின் பெருமையை! கோட்டு அந்நியம்; வேட்டியே தமிழ்!" பொறுங்கள், தோழர்களே. அங்கேதான் நான் உங்களோடு மாறுபடுகிறேன். வேட்டியைக் கொண்டே மனிதனை மிதித்த வரலாறும் இந்த மண்ணில்தான் இருக்கிறது.

நமக்குப் பக்கத்து இராமநாதபுரம் மாவட்டம். 1930 டிசம்பர். ஆதிதிராவிடர்மீது ஆதிக்கச் சாதியார் எட்டுத் தடைகளை விதித்தனர். நகை அணியலாகாது. ஆடவர் முழங்காலுக்குக் கீழே துணி இறங்கலாகாது. கோட்டு, சட்டை, பனியன் எதுவும் போடலாகாது. பெண்கள் மேலுடம்பை மறைக்கலாகாது, பூச்சூடலாகாது. வெயிலானாலும் மழையானாலும் குடை கூடாது, காலுக்குச் செருப்பு கூடாது. மீறியவர்களின் குடிசைகள் எரிந்தன. 1931 மக்கள்தொகைக் கணக்கெடுப்பை நடத்திய ஆணையர் ஹட்டன் இவற்றையெல்லாம் எழுதி வைத்திருக்கிறார். தெற்கே திருவிதாங்கூரிலும் தோள்சீலை அணியும் உரிமைக்காக நாடார் பெண்கள் 1859 வரை போராட வேண்டியிருந்தது.

கவனித்தாயா கொடுமையை? கிளப் சொல்கிறது: கோட்டு இல்லாவிட்டால் நுழையாதே! ஊர் சொன்னது: கோட்டுப் போட்டால் பிழைக்க மாட்டாய்! கிளப்புக்கு வேட்டி இழிவு. ஊருக்கோ, அவன் வேட்டியை இறக்கிக் கட்டினால் குற்றம். இரண்டு வாசலிலும் வெவ்வேறு விதி. இரண்டு வாசலிலும் நின்றவன் ஒரே காவலன். துணி ஒரு சாக்கு. எவன் உள்ளே, எவன் வெளியே என்று முன்பே தீர்மானித்துவிட்டுத்தான் அவன் துணியைப் பார்க்கிறான்.

ஆகவேதான் இருவரை நினைக்கச் சொல்கிறேன். ஒருவர் காந்தியார். 1921 செப்டம்பர் 22-ஆம் நாள், நம் மதுரை மேலமாசி வீதியில் தங்கியிருந்த வீட்டில், மேலாடைகளைக் களைந்து அரைத்துணிக்கு மாறினார். கதர் வாங்கக் காசில்லை என்று ஏழைகள் சொன்ன சொல் அவரைச் சுட்டது. பத்தாண்டு சென்று வட்டமேசை மாநாட்டுக்காக 1931-இல் 'ராஜபுதனா' என்ற கப்பலேறினார். மேல்தட்டுத் துரைமார்கள் விருந்துக்கு உடை மாற்றிய கப்பல்களின் காலம் அது. அவர் மாற்றவில்லை. அதே ஆண்டு நவம்பர் 5-ஆம் நாள் பக்கிங்காம் அரண்மனையில் ஐந்தாம் ஜார்ஜின் விருந்துக்கும் அதே துணியில் போனார். அரண்மனைக் கதவு திறந்தது.

மற்றவர் அம்பேத்கர். அதே மாநாடு, அதே இலண்டன். அவர் உடுத்தியது கோட்டும் கழுத்துப்பட்டையும். எந்த மக்களுக்குச் சட்டைகூடக் கூடாது என்று ஊர்கள் தடை விதித்தனவோ, அந்த மக்களின் தலைவர் மடிப்புக் கலையாத கோட்டில் நிமிர்ந்து நின்றார். அந்தக் கோட்டு அடிமைத்தனமா? அன்று! சாதியின் கன்னத்தில் விழுந்த அறை அது.

ஒருவர் களைந்தார், ஒருவர் அணிந்தார். இருவர் செய்ததும் கலகம். ஏனெனில் இருவருமே வாசற்காவலனைக் கேட்டு உடுத்தவில்லை. இதுதான் நான் சொல்ல வந்தது. போற்றத்தக்கது வேட்டியும் அன்று, கோட்டும் அன்று, உடுத்துகிறவனின் உரிமை.

கப்பலில் அலங்கார இரவு வேண்டுமென்பார் அலங்கரித்துக்கொள்ளட்டும். அவர்கள் மகிழ்ச்சியில் எனக்குப் பொறாமை இல்லை. பட்டைக் கண்டு பகைக்கும் கட்சி நம்முடையதன்று. ஆனால் அதே கட்டணம் செலுத்தியவனைத் துணி குறைந்ததென்று வேறறைக்கு அனுப்பாதே என்கிறேன். கோவிலில் மரபுடை வேண்டுமென்பார் உடுத்தி வரட்டும். ஆனால் மதுரைக் கிளையின் ஒரு நீதிபதி, 2016 ஜனவரி 1 முதல் கோவில்களுக்கு உடை விதி என்று ஆணையிட்டபோது, வெளியூர்ப் பேருந்திலிருந்து இறங்கிய எத்தனை இளைஞர்கள் வாசலிலே திகைத்து நின்றனர்! அதே உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் ஆயம் அதை நிறுத்திவைத்தது. கிளப் வாசலில் வேட்டிக்காக மறிப்பு. கோவில் வாசலில் காற்சட்டைக்காக மறிப்பு. எந்தப் பக்கம் போனாலும் குறுக்கே ஒரு கை!

2014-ஆம் ஆண்டுச் சட்டம் நல்ல சட்டம். ஆனால் அதை ஈன்றது ஒரு நீதிபதிக்கு நேர்ந்த அவமானம். அழுக்கேறிய கைலியோடு, செருப்பில்லாக் காலோடு, கண்ணாடிக் கதவுகளின் வெளியே நின்று திரும்பிப் போகும் கொத்தனுக்காகவும் சித்தாளுக்காகவும் எந்த மன்றம் கூடியது? 2024-இல் பெங்களூரில் வேட்டி கட்டி வந்த முதிய விவசாயி ஒருவரை வணிக வளாகமொன்று மகன் கண்ணெதிரே மறித்தது. கர்நாடக அரசு அந்த வளாகத்தை ஏழு நாள் மூடவைத்தது. மானம் என்பது நீதிபதிக்கும் விவசாயிக்கும் ஒரே எடைதான் என்று ஒரு வாரமாவது உணர்த்தப்பட்டது.

தோழனே, உனக்கு இரண்டு வேலை வைக்கிறேன். ஒன்று, அந்தச் சட்டத்தைப் படித்து வைத்துக்கொள். உன் ஊர்த் திருமண மாளிகையிலோ, உணவு விடுதியிலோ, கிளப்பிலோ எவனையாவது உடையைக் காட்டி மறித்தால், அவன் யாரென்று கேளாமல் அவன் பக்கத்தில் போய் நில்.

மற்றொன்று கடினமான வேலை. நம் மேடையைத் திரும்பிப் பார். கஞ்சி போட்டு மொடமொடவென்று நிற்கும் வெள்ளை வேட்டிகள் முன்வரிசையில். வயலிலிருந்து நேரே வந்த அழுக்கு வேட்டிகள் கடைசியில், கயிற்றுக்கு அப்பால். கயிறு கட்டியவன் துரையா? நாம்தானே! அடுத்த கூட்டத்தில் அந்தக் கயிற்றை நீயே அவிழ்த்துவிடு. கிளப் வாசலைத் திறக்கச் சொல்லும் உரிமை அதன்பிறகு நமக்கு முழுதாக வந்து சேரும்.