எச்சரிக்கை முதலாளிக்கு! வெயில் தொழிலாளிக்கா?

வியாபாரச் சகோதரரே!

கத்திரி வெயில் தொடங்கியதும் உங்கள் கைபேசிக்கு ஒரு செய்தி வருகிறது. நண்பகல் 12 முதல் 3 மணி வரை வெளியே செல்லாதீர்கள் என்கிறது அரசு. நீங்கள் படிக்கிறீர்கள். மின்விசிறியைக் கொஞ்சம் கூட்டி வைத்துக் கொள்கிறீர்கள். அதே நேரத்தில் கடைக்குப் பின்னால், தகரக் கூரைக் கிடங்கில், லாரியிலிருந்து மூட்டை இறக்குகிறாரே ஒருவர், அவருக்கு அந்தச் செய்தியை யார் சொன்னது?

யாரும் சொல்லவில்லை! கேட்க வேண்டிய கேள்வி இதுதான்.

'காரைக்குடிக்கு வெயில் புதிதா?' என்பீர்கள். புதிதல்ல. அதனால்தான் இங்கே அன்று வீடு கட்டியவர்கள் வெயிலை எண்ணிக் கட்டினார்கள். காற்றோடும் வளவு, உயர்ந்த கூரை, தடித்த சுண்ணாம்புச் சுவர், கால் வைத்தால் குளிரும் ஆத்தங்குடிக் கல்! அதே ஊரில் இன்று நாம் கட்டுவது தகரக் கொட்டகை. சரக்கு நனையாதிருக்கக் கூரை போட்டோம். ஆள் வேகாதிருக்க என்ன செய்தோம்?

நம் சபுராளிகளைக் கேளுங்கள். ஐக்கிய அரபு அமீரகத்தில் ஆண்டுதோறும் ஜூன் 15 முதல் செப்டம்பர் 15 வரை, பகல் 12.30 முதல் 3 மணி வரை, நேர் வெயிலில் வேலை வாங்கத் தடை. மீறினால் ஓர் ஆளுக்கு 5,000 திர்ஹம் அபராதம். வேலை நேர அட்டவணையைத் தொழிலாளிக்குப் புரியும் மொழியிலும் எழுதி ஒட்ட வேண்டும். கத்தாரில் 2021 முதல் காலை 10 மணியிலிருந்து பிற்பகல் 3.30 வரை தடை. அங்கே அநியாயமே இல்லை என்று நாம் சொல்லவில்லை. ஆனால் அங்கே நம் பிள்ளைக்கு நிழல் வேண்டும் என்று துஆ கேட்கும் நாம், இங்கே நம் கடையில் நிற்கும் அடுத்தவர் பிள்ளைக்கு அந்த நிழலை மறுக்கலாமா?

வளைகுடாவை விடுங்கள். பக்கத்துக் கேரளத்தில் கோடைதோறும் வெயிலில் உழைப்போருக்குப் பகல் 12 முதல் 3 வரை ஓய்வு என்று தொழிலாளர் துறை உத்தரவிடுகிறது. தமிழகத்திலோ, கடைகள் நிறுவனங்கள் சட்டத்தை 2021-இல் திருத்தி, ஊழியர் உட்கார இருக்கை தர வேண்டும் என்று ஆக்கினார்கள். 2024-இல் வெப்ப அலையை மாநிலப் பேரிடராகவும் அறிவித்து, அதில் இறப்போர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்றார்கள். செத்த பிறகு பணம் உண்டு. சாகாமல் இருக்க உங்கள் கடையில் ஒரு ஸ்டூல் உண்டா?

'வேலை நின்றால் நட்டம்' என்று கணக்குப் பேசாதீர்கள். மூட்டையைக் காலை 6 மணிக்கு இறக்கினாலும் அதே மூட்டைதான், மாலை 4 மணிக்கு மேல் இறக்கினாலும் அதே மூட்டைதான்! லாரிக்காரரிடம் ஒரு வார்த்தை சொன்னால் முடிகிற காரியம். சொல்ல மனமில்லை என்பதே உண்மை. உலகெங்கும் ஆண்டுக்குச் சுமார் 18,970 தொழிலாளர்கள் வேலையிட வெப்பத்தால் உயிரிழக்கிறார்கள் என்று சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு 2024-இல் கணக்கிட்டது. இந்தக் கணக்கையும் பேரேட்டில் எழுதிப் பாருங்கள்.

இன்னொன்று. வெப்பத்தால் நேரும் வேலையிடச் சாவுகளில் 70 சதவீதத்துக்கு மேல் வேலையில் சேர்ந்த முதல் வாரத்திலேயே நிகழ்கின்றன என்கிறது அமெரிக்கத் தொழில் பாதுகாப்புத் துறை. உடம்பு வெயிலுக்குப் பழக நாள் பிடிக்கும். நேற்று ரயிலில் வந்திறங்கிய பீகார் பையனை இன்றே முழுச் சுமைக்கு அனுப்புகிறோமே, இது நியாயமா?

செய்ய வேண்டியது மலையைப் புரட்டுவதல்ல. வெயில் எச்சரிக்கை வந்த காலையிலேயே ஆட்களைக் கூட்டி வாயால் சொல்லுங்கள். வேலை நேரத்தைத் தமிழிலும் இந்தியிலும் எழுதி ஒட்டுங்கள். கைக்கெட்டும் இடத்தில் குடிநீர், உப்பு-சர்க்கரைக் கரைசல் வையுங்கள். 1 லிட்டர் கொதித்து ஆறிய நீரில் 6 தேக்கரண்டி சர்க்கரை, அரைத் தேக்கரண்டி உப்பு போதும். தலை சுற்றுகிறது என்று உட்கார்ந்தவரின் கூலியில் கை வைக்காதீர்கள். ஒருவர் உளறினால், மயங்கினால், உடம்பு அனலாய்க் கொதித்தால் நிழலுக்குத் தூக்குங்கள். உடம்பெங்கும் தண்ணீர் ஊற்றி விசிறுங்கள். மயங்கியவர் வாயில் தண்ணீர் ஊற்றாதீர்கள். உடனே 108-ஐ அழையுங்கள்.

இளைஞனே! உனக்கும் ஒரு வேலை இருக்கிறது. ஜும்ஆ முடிந்து நாலு பேராகக் கடைவீதியில் நட. ஒவ்வொரு கடையிலும் மூன்றே கேள்வி கேள். தண்ணீர் எங்கே? ஸ்டூல் எங்கே? இன்றைய எச்சரிக்கை உங்கள் ஆட்களுக்குத் தெரியுமா? பதில் இல்லாத கடை உன் மாமா கடையாக இருந்தாலும் விடாதே!

கூலியைத் தாமதிக்காதே என்ற மார்க்கக் கட்டளையை மேடைதோறும் முழங்குகிறோம். கூலியை நேரத்தில் கொடுத்ததோடு கணக்கு முடிந்துவிடுமா? காலையில் உங்களை நம்பி வந்தவரின் உயிர் மாலை வரை உங்களிடம் அமானிதம். அதை வீட்டுக்குப் பத்திரமாகத் திருப்பி அனுப்புங்கள்!